சூடு இறங்கிய நாள்

பிப்ரவரி 3, திங்கள்

கம்பெனியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஃபௌசியா கூப்பிட்டாள். ரஞ்சனி போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள். இத்தனை நாளில் ஃபௌசியா கூப்பிடுவது இதுதான் முதல் முறை. உடுமலைப்பேட்டைப் பெண், கல்லூரியில் வரலாறு மூன்றாம் வருடம், பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்கும் அவளைப் போன்ற இன்னும் பதினான்கு பேருக்கும் ரஞ்சனி பாடப்புத்தகங்களைப் படித்து, குரலைப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

"கேளு."

"தமிழக வரலாறு ரெண்டாம் தாளுங்ண்ணா. அக்கா அஞ்சு பாடம் அனுப்பிட்டாங்க. மிச்சத்தப் படிச்சு வச்சிருக்கேன், எடிட் பண்ணி அனுப்பறேன்னு சொல்லியிருந்தாங்க. ஏப்ரல் இருபத்தொண்ணு பரிட்சை. போன தடவையே இந்தத் தாள் ஊத்திக்கிச்சு. மறுபடியும் போச்சுன்னா பி.எட்.டுக்கு எழுதிப் போட முடியாது. வீட்ல மாப்பிள்ளை பாக்க ரெடியா உக்காந்திருக்காங்க."

பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பீரோவில் இருக்கிறது. ஆனால் பழைய லேப்டாப்பில் அந்த வேலை நடக்காது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓட்டினால் இருபது நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். அதற்காகத்தான் தீபாவளிக்கு முன்பு புதுக் கம்ப்யூட்டருக்கான பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கினோம். எல்லாம் ஹாலில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன.

"புது மெஷின முடிச்சுட்டு அனுப்பறேன்" என்றேன்.

"எப்பங்ண்ணா முடியும்?"

"கூலர் மட்டும்தான் பாக்கி."

பொய் இல்லை. மெஷினைக் குளிரவைப்பது காற்றா தண்ணீரா என்பதுதான் பாக்கி.

இந்த நோட்டு பம்பு டெஸ்ட் ரீடிங் எழுத கம்பெனியில் கொடுத்தது. பின்பக்கங்கள் காலியாக இருக்கின்றன. இனி இதில் எழுதி முடிவு செய்யலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. போட்டேன். முன்பே போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரின் மூளை ப்ராசஸர். வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே எடுக்க இரண்டு வழி. ஒன்று, அதன் தலைமேல் அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஒரு கோபுரத்தை வைத்து ஃபேன் போட்டு ஊதுவது. மற்றது, தலைமேல் ஒரு சின்ன பம்பை வைத்து, குழாய் வழியாகத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவருவது.

நான் அக்டோபரிலேயே காற்று என்று சொன்னேன். கெட்டுப்போக ஃபேனைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஃபேனும் கெடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே கரகரவென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

ரஞ்சனி தண்ணீர் என்றாள். அவளுக்குச் சத்தம்தான் பிரச்சினை. மைக் மேஜைமேல் இருக்கும், கம்ப்யூட்டர் ஒன்றரை அடி தள்ளி இருக்கும். ஃபேன் திடீரென்று வேகம் பிடிப்பதும் அடங்குவதுமாக இருந்தால் அந்தச் சத்தம் ஏறி இறங்கி, பதிவிலிருந்து நீக்கவே முடியாது என்பாள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் ஃபேனும் பதறாது.

அவள் சொன்னது சரி. ஆனால் தண்ணீரில் எனக்குப் பிடிக்காததும் அதுதான். உள்ளே பம்பு நின்றிருக்கும், சூடு ஏறிக்கொண்டிருக்கும், வெளியே கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது.

எட்டு மணிக்கு அன்னூரிலிருந்து அத்தையின் போன். ரஞ்சனியின் அம்மா. தினமும் எட்டு மணிக்குக் கூப்பிடுவார்கள்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"ஆச்சுங்கத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

"சாதம்."

"சாதத்துக்கு என்னன்னு கேட்டா அதுக்கும் சாதம்பீங்க." அப்புறம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள். "அன்னைக்குப் பூராவும் வீட்ல தனியா கெடந்திருக்கா. ஒரு போன் போட்டு, அம்மா ஒடம்பு முடியலீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ் ஏறி வந்திருக்கமாட்டனா? யாருகிட்டயுமே சொல்லலியே. அத்தன அழுத்தமா ஒரு பொண்ணுக்கு?"

"ம்" என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காந்திபுரம் போனேன். பாகங்கள் வாங்கிய அதே கடை. கடைக்காரர் மணிவாசகம் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்க சார். தீபாவளிக்குப் போனவங்க பொங்கலும் தாண்டி வர்றீங்க. பொண்ணு பாக்கறவங்ககூட மூணு மாசத்துல ஒரு முடிவச் சொல்லீருவாங்க."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"மேடம் வரலீங்களா?"

"வரல."

"ஊருக்குப் போயிருக்காங்களா?"

"ஆமா."

"வெள்ளக் கலர் தண்ணிக் கூலர்தான் வேணும்னாங்க. ரெண்டு தடவை வித்துப்போச்சு, மறுபடி எடுத்து வச்சிருக்கறேன். பாருங்க."

பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைக் குழாய், வெள்ளை ஃபேன். நான் காற்றுக் கூலரையும் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு சார் இத்தன யோசன? என்ன வேல பண்ணப் போறீங்க அதுல?"

"குரல் ரெக்கார்டிங். சத்தம் வரக்கூடாது."

"யாரு பண்றது, மேடமா?"

இரண்டு பெட்டியையும் மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் யோசித்தேன். இனி அந்த அறையில் யாரும் பதிவு செய்யப்போவதில்லை. மெஷின் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க மைக் இல்லை. அப்படியானால் சத்தம் ஒரு கணக்கே இல்லை. அதை அடித்துவிட்டால் காற்றுக்கூலர்தான். அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மழை இல்லை. கொடியில் துணி இரண்டு நாளாகக் கிடக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்ணீர்க் கூலரை வாங்கிவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை ஹாலில் உட்கார்ந்து மாட்டினேன். ஸ்க்ரூ ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடியபோது அவளுடைய ஹேர் கிளிப் கிடைத்தது. ஸ்க்ரூவும் கிடைத்தது.

மெஷின் உயிர்பெற்றது. ஆனால் உள்ளே களகளவென்று ஒரு சத்தம். சூடு எண்பத்தாறு. ஒன்றுமே ஓட்டவில்லை, வெறுமனே எண்பத்தாறு.

அணைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

போட்டோ எடுத்து மணிவாசகத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சார், நீங்க என்ன வேல பாக்கறீங்கன்னு சொன்னீங்க?"

"பம்பு கம்பெனில, டெஸ்டிங்."

"நெசமாத்தானுங்களா?"

"ஏன்?"

"ரேடியேட்டரக் கீழ மாட்டியிருக்கறீங்க, பம்பு மேல இருக்குது. காத்தெல்லாம் எங்க போயி நிக்கும்? பம்புக்குள்ளதான். ஏர் புடிச்ச மோட்டாருன்னு எங்கூட்டுத் தோட்டத்துல பண்ணையத்துக்கு இருக்கறவனே சொல்லீருவான் சார்."

ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஏர் பிடித்த பம்பை ஓட்டினதற்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். கேபினெட்டைத் திறந்து ரேடியேட்டரை மேலே மாற்றினேன். களகளச் சத்தம் இரண்டு நிமிடத்தில் நின்றது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தேன். 71. 70. 70. வேலையை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் 38.

ரீடிங்குக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதினேன். கைப் பழக்கம். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு சொல்லை எழுதிய பிறகு வேறு எதுவும் செய்ய முடியவில்லை. 38 என்றால் நன்றாக இருக்கிறது என்று ஏன் எல்லோரும் நம்புகிறார்கள் என்று புரியவில்லை. சென்சார் சொல்வது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கூலரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஃபௌசியா.

"அண்ணா, ஆச்சுங்களா?"

"தண்ணிக் கூலர் போட்டேன், கழட்டிட்டேன். காத்துக் கூலர் போடலாமான்னு பாக்கறேன்."

"எடிட் பண்ணாம அப்படியே அனுப்பிவிடுங்ண்ணா. நான் கேட்டுக்கறேன்."

"அது முடியாது. எடிட் பண்ணாதத வெளிய விடக்கூடாதுன்னு ரஞ்சனி சொல்லுவா."

"எடிட் பண்ணீட்டுத்தான் அனுப்புங்களேன். யாரு வேண்டாங்கறா? நான் பாடத்தையெல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துல கேக்கறவ. உங்க யோசன மட்டும் கால் மடங்கு வேகத்துல ஓடுது." பிறகு, "அண்ணா, உங்களுக்குக் கூலர்தான் பிரச்சினையா?" என்றாள்.

"வேற என்ன?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா. ரெண்டாந் தேதிலிருந்து நோம்பு. பகல்ல எனக்குத் தொண்ட வறண்டிருக்கும். திட்டறதா இருந்தா சாயங்காலம் கூப்பிட்டுத் திட்டறேன்."

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளைக் கூலரைத் திருப்பிக் கொடுத்தேன். மணிவாசகம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடத்துகிட்ட கேட்டுட்டீங்களா? அப்புறம் எங்கடைய வந்து திட்டுவாங்க."

"கேட்டுட்டேன்."

காற்றுக் கூலரை எடுத்துக்கொண்டு வந்தேன். நாற்பது நிமிடத்தில் மாட்டி முடித்தேன். அமைப்புகளைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு இடத்தில் ஃபேன் வேகம் என்று இருந்தது. 'தானாக' என்பதை எடுத்துவிட்டு நிலையாக ஒரே வேகத்தில் வைக்கலாம். எழுநூறு சுற்று என்று வைத்தேன். ஃபேன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே சீராக, ஏறக்குறைய சத்தமே இல்லாமல் ஓடியது. சூடு 74.

ஏறி இறங்காத சத்தத்தை மென்பொருள் சுலபமாக நீக்கிவிடும். அவளுக்கு வேண்டியது அதுதான். கெட்டால் வெளியே தெரியவேண்டும் என்பது எனக்கு வேண்டியது. இரண்டும் இதிலேயே இருந்தது. அக்டோபரில் இரண்டு வாரம் இதற்காகச் சண்டை போட்டோம். ஒரு நாள் முழுக்க அவள் பேசவே இல்லை. இந்த ஒரு எண்ணை மாற்ற எனக்கு எட்டு நொடி ஆனது.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கொடியில் கிடந்த துணியை எடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று பாடங்களும் இருந்தன. ஒன்பதும் இருந்தது.

ஒன்பதைப் படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் புத்தகத்தின் கடைசிப் பாடம். கோப்பின் தேதி நவம்பர் 21, வியாழன். நேரம் பகல் 12.31.

டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

சூடு 41. அறையில் 29.

மார்ச் 15, சனி

எடிட் செய்தேன். கேட்காமலே செய்தேன்.

அது முடியும். ரஞ்சனிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு பத்திக்கும் முன்பு மூன்று நொடி சும்மா இருப்பாள். படிக்கும்போது தவறிவிட்டால் ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்தப் பத்தியை முதலிலிருந்து படிப்பாள். திரையில் குரல் அலை அலையாகத் தெரியும். கைதட்டு மட்டும் ஊசிபோல மேலே குத்திக்கொண்டு நிற்கும். ஊசியைப் பார்த்ததும் அதற்கு முந்திய இடைவெளியிலிருந்து ஊசிவரை வெட்டி எறிந்தால் போதும். முன்பெல்லாம் அவள் சமைக்கும்போது நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இப்படித்தான் வெட்டிக் கொடுப்பேன். "காது இல்லாத எடிட்டர்" என்பாள்.

ஆறாம் பாடத்தில் பதினோரு ஊசி. ஏழில் ஒன்பது. எட்டில் பதினாறு. ஒன்பதில் இரண்டே இரண்டு.

ஒன்பதில் இவ்வளவு குறைவாகத் தவறியிருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

பிறகு இரைச்சல் நீக்கத்தை ஓடவிட்டு, முன்னால் உட்கார்ந்து சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 74, 75, 74. ஃபேன் சீராக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நான்கு பாடங்களையும் ஃபௌசியாவுக்கு அனுப்பினேன். மற்ற பதினான்கு பேருக்கும் அவளே அனுப்பிவிடுவாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று குரல் செய்தி அனுப்பினாள். "உங்க கூலருக்கும் சேத்துத் துவா செஞ்சிருக்கேங்ண்ணா."

முடிந்தது. வெண்டைக்காய் வாங்கி வந்து பொரியல் செய்தேன். நன்றாக இருந்தது.

மார்ச் 22, சனி

நோன்பு திறந்ததும் கூப்பிட்டாள். கஞ்சி குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஒன்பதாம் பாடத்தக் கேட்டீங்களா?"

"எடிட் பண்ணினேனே."

"கேட்டீங்களான்னு கேட்டேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நடுவுல அக்கா போன் பேசறாங்ண்ணா. பாளையக்காரங்க வரியப் பத்திப் படிச்சுட்டே இருக்காங்க. நிறுத்திட்டு யாருக்கோ போன் போடறாங்க. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேங்கறாங்க. வயிறு வலிக்குதுங்கறாங்க. அப்புறம் சரி சரிங்கறாங்க. மூணு நிமிஷம். வச்சுட்டு, விட்ட எடத்துலருந்து மறுபடி படிக்கறாங்க."

கைதட்டவில்லை. தவறு செய்தால்தான் தட்டுவாள். போன் பேசியது தவறு இல்லையே.

"மத்தவங்களுக்கு அனுப்பிட்டியா?"

"அன்னைக்கே அனுப்பிட்டேன். ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. சுகுணா அழுதுட்டே போன் பண்ணினா. அழிக்கச் சொல்லலாம், ஆனா வேற கோப்பு வேணும். அந்தப் பாடத்துலருந்துதான் பத்து மார்க் வரும்." தயங்கினாள். "எதிர்ல பேசினது யாருங்ண்ணா?"

"அவங்க அம்மா" என்றேன்.

"சரிங்ண்ணா."

எட்டு மணிக்கு அத்தையின் போன். எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

லீவு போட்டேன். எழுதிவிடுகிறேன். ரீடிங்காகவே எழுதுகிறேன், அதுதான் வரும்.

நவம்பர் 17, ஞாயிறு: 103.2. திங்கள்: 103. செவ்வாய்: 102.6. டெங்கு என்று அன்று ரத்தத்தில் தெரிந்தது. டாக்டர் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். வியாழன் காலை கண்டிப்பாக மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். புதன்: 101.8.

வியாழன் காலை ஆறு மணி: 98.4.

காய்ச்சலைக் குறித்துவந்த தாளில் 98.4-க்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதினேன். ரத்தம் பார்க்கும் இடத்தில் கூட்டம் இருக்கும், கம்பெனியில் அன்று ஏற்றுமதி பம்புகளுக்கு டெஸ்ட், சூடுதான் இறங்கிவிட்டதே, சனிக்கிழமை போகலாம் என்றேன். அவளும் சரி என்றாள். போய்விட்டேன்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்று அன்று இரவு ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா? சீட்டில் எழுதியிருந்தேனே" என்று கேட்டார். எழுதித்தான் இருந்தார். என் வேலையில் சூடு இறங்கினால் பாஸ். ஒன்பது வருடமாக அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவள் பன்னிரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். பேசினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிடந்தாளே என்று அத்தை நான்கு மாதமாக மகளைத் திட்டுகிறார்கள். நான் "ம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

கதவைச் சாத்திவிட்டு ஹெட்போன் போட்டுக் கேட்டேன்.

"...தாங்கள் வசூலித்த வரியில் மூன்றில் ஒரு பங்கை மதுரைக்கு அனுப்பினார்கள்." நிறுத்துகிறாள். நாற்காலி நகர்கிறது. பிறகு:

"ஏங்க. வேலையா இருக்கீங்களா? இல்ல, ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். வயிறு ஒரு மாதிரி வலிக்குது. காய்ச்சலா? இல்ல, சில்லுன்னுதான் இருக்கு. ம். ம். எளநி இருக்கு, குடிக்கறேன். ரத்தம் பாக்க இன்னைக்குத்தான சொன்னாங்க? சரி. சனிக்கெழமையே போலாம். என்னது, கேக்கல. அங்க என்ன இத்தன சத்தம்? சரி, சரிங்க. நார்மல்னா நார்மல்தான். நீங்க வேலையப் பாருங்க."

நான் பேசியது அதில் இல்லை. ஆனால் அவளுடைய ஒவ்வொரு இடைவெளியிலும் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் தண்ணீர் குடிக்கிறாள். மூச்சு வாங்குகிறது. "மற்றொரு பங்கைப் படைச் செலவுக்கு ஒதுக்கினார்கள். மீதிப் பங்கைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள்." அதற்கு மேல் இருபத்திரண்டு நிமிடம் படித்திருக்கிறாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஆனால் ஒரு பெயரைக்கூட விழுங்கவில்லை.

மூன்று நிமிடம் பத்து நொடியை வெட்டி எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். மூச்சு வாங்குவது ஒட்டில் தெரிந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று குழம்பி, பாதி எடுத்தேன். ஃபௌசியாவுக்கு அனுப்பினேன். பழையதை எல்லோரும் அழித்துவிட்டார்கள் என்று ராத்திரி சாப்பிடும் முன்பே பதில் போட்டாள்.

வெட்டிய துண்டைக் குப்பையில் போடவில்லை. தனியாக வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். வாழ்த்துச் சொன்னேன். "பிரியாணி பார்சல்ல அனுப்ப முடியாதுங்ண்ணா, வாசனைய நெனச்சுக்கங்க" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கூலரின் தகடுகளில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. பின்தெரு மில்லிலிருந்து வருவது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். 79 திரும்ப 74 ஆனது. நார்மல் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் கேண்டீனில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"எழுதிட்டேங்ண்ணா. பாளையக்காரங்க வரி பத்து மார்க்குல வந்துச்சு. சொல்லச் சொல்ல எழுதறவங்களுக்குக் கை வலிக்குதுன்னு சொல்லிட்டாங்க. அத்தன சொன்னேன்."

"பாஸாயிருவியா?"

"பாஸா? மார்க்கக் கேளுங்ண்ணா." சிரித்தாள். அப்புறம் குரல் மாறியது. "பரிட்ச முடியட்டும்னு இருந்தேன். ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"போன்ல எதிர்ல பேசினது அக்காவோட அம்மா இல்லீங்ண்ணா. பெத்த அம்மாவ யாராச்சும் 'ஏங்க'ன்னு கூப்பிடுவாங்களா?"

பக்கத்து மேஜையில் யாரோ மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கே தெரியுமா?"

"கேட்டவொடனே தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லலீங்ண்ணா. ஆனா அவங்க அம்மான்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பாவம், அவங்க என்ன பண்ணுனாங்க?"

ஏப்ரல் 27, ஞாயிறு

அன்னூர் போனேன். துண்டைப் போனில் ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தை வாசலிலேயே, "என்னங் மாப்ள, ஒரு மாசமா பாதி நாளு போன எடுக்கறதில்ல. இளைச்சு வேற போயிட்டீங்க" என்றார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அத்தை, ரஞ்சனி யாருகிட்டயும் சொல்லலைன்னு நீங்க சொல்றது தப்பு. எங்கிட்ட சொன்னா. வியாழக்கிழம மத்தியானம் போன் பண்ணுனா. வாந்தின்னா, வயிறு வலின்னா. ரத்தம் பாக்கணுமேன்னும் கேட்டா. நான்தான் காய்ச்ச எறங்கிருச்சு, ஒண்ணுமில்ல, சனிக்கெழம பாக்கலாம்னு சொன்னேன்."

அத்தையின் கையில் சொம்பு இருந்தது. அதைக் கீழே வைக்க ஒரு இடம் தேடினார்கள். பக்கத்திலேயே மேஜை இருந்தது. அது கண்ணில் படவில்லை. கடைசியில் தரையில் வைத்தார்கள்.

"சொன்னாளா?"

"சொன்னா."

"எப்படித் தெரியும்? இத்தன நாளு இல்லாம இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

பாடத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது, அதைக் கேட்ட பிள்ளைகள்தான் சொன்னார்கள் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னார்கள். வேண்டாம் அத்தை என்றேன்.

"எம்பொண்ணு பேசுனது. நீங்க கேட்டுட்டீங்க. யாரோ படிக்கற புள்ளைங்க கேட்டிருக்குது. நான் கேக்கக்கூடாதா?"

போட்டேன். போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும். மூன்றாவது முறை, "நார்மல்னா நார்மல்தான்" என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். போனை என் கையில் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைத் திட்டுவார்கள் என்று நின்றேன். வெளியே போகச் சொல்வார்கள் என்று நின்றேன். திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"அழுத்தக்காரி இல்ல அவ" என்றார்கள், தெருவிடம் சொல்வதுபோல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களத்தான் நம்பியிருக்கா" என்றார்கள்.

அது எனக்குத் தண்டனையா, ஆறுதலா என்று இப்போதுவரை தெரியவில்லை. முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

உள்ளே போய் இலை போட்டார்கள். பருப்பும் பீர்க்கங்காய்க் கூட்டும். எதிரே உட்காரவில்லை, கதவோரமாக நின்றபடி பரிமாறினார்கள். போன் அவர்கள் கையிலேயே இருந்தது. நான் சாப்பிட்டேன்.